தாளாளரின் பாஸ்வேர்டு

சாத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக். அதன் தாளாளர் ஏகாம்பரநாதனை ஃபேஸ்புக்கில் இருபதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஒரு திங்கட்கிழமை பார்த்தால், அவர் பக்கத்தில் யாரோ தொப்பை குறைக்கும் பொடி விற்றுக்கொண்டிருந்தான். கணக்கைத் திருடிவிட்டான். போதாததற்கு அவருடைய கம்ப்யூட்டரும் ஆமையாக நகர்ந்தது.

பழி கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பொன்மாரி மேல் விழுந்தது. ஆசிரியர்களைக் கூட்டிவைத்துத் தாளாளர் கத்தினார்.

"பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். என்னை எவனும் ஏமாத்த முடியாது. நீதான் கொடுத்திருக்கே! இல்லைன்னா ஒரு மணி நேரத்துல நிரூபி. முடியலையா, வேலையை விட்டுப் போ!"

"சரிங்க சார்" என்று பொன்மாரி மூலையில் உட்கார்ந்து தன் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள்.

அரை மணியில் தாளாளரின் போன் சிணுங்கியது. வந்த மெசேஜைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கேளுங்கய்யா! தென்னகத்தின் சிறந்த தாளாளர் விருதாம். மெயில் பாஸ்வேர்டைப் போட்டு உறுதி செய்யணுமாம்." சொல்லிக்கொண்டே போட்டார்.

பொன்மாரி தன் திரையை எல்லோர் பக்கமும் திருப்பினாள். 'நானேசிங்கம்1' என்று அதில் பெரிதாக நின்றது.

"அது காலையில நான் மாத்தின மெயில் பாஸ்வேர்டாச்சே! அங்கே எப்படி வந்தது?"

"இப்ப நீங்களே கொடுத்தது சார். அந்த மெசேஜை அனுப்பினது நான். திருடனும் இப்படித்தான் வாங்கியிருப்பான். கம்ப்யூட்டர் வேகமாகும்னு வந்த லிங்க்கையும் நீங்கதான் அமுக்கியிருப்பீங்க. அதான் வைரஸ் ஏறி அது படுத்துடுச்சு."

ஆசிரியர்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேலையை விட்டுப் போகச் சொன்னதைப் பற்றித் தாளாளர் பேச்சே எடுக்கவில்லை. போனைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்:

"அப்போ அந்த விருது கிடையாதாம்மா?"