இருட்டில் கூவிய சேவல்

குழந்தைகளே, அடுப்பில் இருக்கிற பானையை நகர்த்துவது மாதிரி, விடியலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைக்க முடியுமா? ஒரு காட்டில் அப்படிச் செய்து பார்த்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு சேவல் இருந்தது. கிழக்கு வெளுத்ததும் புளியமரக் கிளையில் நின்று கூவும். அது கூவிய கையோடு, ஓடைக்கரையில் படுத்திருக்கும் சிறுத்தை எழுந்து தன் குகைக்குப் போய்விடும். அதற்குப் பிறகுதான் மான்களும் முயல்களும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போகும்.

"சேவலண்ணன் குரலைக் கேட்டாலே சிறுத்தைக்கு நடுக்கம்" என்று எல்லோரும் பேசிக்கொள்வார்கள்.

வெளிச்சம் வந்தால் சிறுத்தை தானாகவே போய்விடும் என்பது சேவலுக்குத் தெரியும். ஆனால் அது வாய் திறந்து சொன்னதில்லை. கேட்கச் சுகமாக இருந்ததே, எப்படிச் சொல்லும்?

கோடை வந்தது. வயிறு நிறைய மேய்வதற்குள் வெயில் முதுகைச் சுட்டது. குரங்கு எல்லோரையும் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டது.

"சேவலண்ணன் ரெண்டு நாழிகை முன்னாடியே கூவட்டும். வெயிலுக்கு முந்தி மேய்ச்சல் முடிஞ்சிடும். சாயங்காலம் ஆட்டம் போட நேரம் கிடைக்கும். கோடை போனதும் பழையபடி வெச்சுக்கலாம்."

"என் தூக்கத்துல ஏன்டா கை வைக்கிறே?" என்றது கரடி.

"நீ பகல்லயும் தூங்குறவன்தானே, அதுல கழிச்சுக்கோ" என்றது நரி.

"தேனீ சொல்லி அனுப்பியிருக்கு. நாம எப்ப எழுந்தாலும் பூ அதோட நேரத்துக்குத்தான் திறக்குமாம்" என்றது மைனா.

"எனக்கு எப்பக் கூவினாலும் பசிதான்" என்றது யானை.

கூட்டம் சிரித்தது. புள்ளிமான் மட்டும் சிரிக்கவில்லை. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கால் இன்னும் சரியாக ஊன்றாத குட்டி ஒன்று நின்றது.

"அப்போ சிறுத்தை?" என்று கேட்டது மான்.

"கூவினா போகுது. முன்னாடி கூவினா முன்னாடி போகும். இதுல என்ன சந்தேகம்?" என்றது குரங்கு.

"சிறுத்தையை யாராவது கேட்டீங்களா?" என்று ஓடைப் பக்கமிருந்து தவளை குரல் கொடுத்தது.

"சம்மதம் சொல்றவங்க வாலைத் தூக்கணும். வாலே இல்லாதவனுக்கு இங்க என்ன பேச்சு?" என்றது குரங்கு.

வால்கள் எழுந்தன. கரடி தூக்கியதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் வால் அவ்வளவுதான்.

மான் தன் வாலைத் தூக்காமல் மேலே பார்த்தது. "அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்க குரலுக்குச் சிறுத்தை போயிடும்தானே?"

காடே சேவலைப் பார்த்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. சேவல் கொண்டையை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது.

"ம்" என்றது.

மான் வாலைத் தூக்கியது.

மறுநாள் சேவல் எழுந்தபோது கிழக்கே ஒரு கீற்றுகூட இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கூவியது.

கீழே சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. மான்தான். "எழுந்திரு கண்ணு, அண்ணன் கூவிட்டாரு" என்று தூக்கக் கலக்கத்தில் இருந்த குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு போனது.

சேவல் கூப்பிட நினைத்தது. நினைத்துக்கொண்டே நின்றது.

ஓடைப் பக்கம் ஒரு பாய்ச்சல் சத்தம். பிறகு சின்னதாகக் குட்டியின் குரல்.

சேவல் கூவியது. மறுபடி மறுபடி, தொண்டை கிழியக் கூவியது. சிறுத்தை தலையைக்கூடத் திருப்பவில்லை. வெகுநேரம் கழித்துக் கிழக்கு வெளுத்தது. அப்போது, தினமும் போகிற மாதிரியே, அது எழுந்து குகைக்குப் போனது.

எல்லோரும் மறுபடி புளியமரத்தடியில் கூடினார்கள். குரங்கு தலையைச் சொறிந்தது. "நாளைக்கு இன்னும் கொஞ்சம் பலமாக் கூவினா..." என்று ஆரம்பித்தது. யாரும் வாலைத் தூக்கவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சேவல் கிளையை விட்டு இறங்கி, ஓடைக்கரையில் மான் தனியாக நிற்கும் இடத்துக்குப் போனது. "எனக்குத் தெரியும்மா. வெளிச்சத்துக்குத்தான் அது போகும்னு தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்" என்றது.

மான் திட்டவில்லை. தண்ணீரையே பார்த்தபடி சொன்னது:

"மத்த அம்மாங்க நாளைக்கும் உங்க குரலை நம்பித்தான் குட்டியை எழுப்புவாங்க. கிழக்கே பார்த்துட்டுக் கூவுங்க, அண்ணே."

நீதி: எத்தனை பேர் சேர்ந்து கேட்டாலும், விடியாத பொழுதை விடிந்தது என்று சொல்லாதே.