படத்தில் இருந்த நாற்காலி

"இருபத்து நாலு அங்குலம்னு போட்டிருந்தானுங்க அம்மணி. வந்தது இருபத்தாறே கால்."

சென்னியப்பன் இன்னும் உட்காரக்கூட இல்லை. செருப்பைக் கழற்றியதும் இதைத்தான் சொன்னார்.

அம்மணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதுங்கண்ணா?"

"சக்கர நாற்காலி."

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

சென்னிமலையில் முன்பு விசைத்தறி ஓடிய கூடம் அது. தறிகளை எடுத்த பிறகு பூட்டிக் கிடந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மணி வந்து, கூட்டிப் பெருக்கி, அதில் குடியேறினார். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. மனசில் பாரம் உள்ளவர்கள் வருவார்கள், பேசுவார்கள். அம்மணி கேட்பார். சில சமயம் ஒரு வார்த்தை சொல்வார். சில சமயம் அதுவும் இல்லை.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. வருகிறவர்கள் எல்லாரும் மூத்தவர்கள். அதனால் சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற அம்மணி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

சென்னியப்பனுக்கு அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருஷம் நூற்பாலையில் தரம் பார்க்கிற வேலை. நூலை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டே குறை எங்கே என்று சொல்லிவிடுவார். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அதை அடிக்கடி சொல்வார்.

ஐந்து மாதத்துக்கு முன் அவர் மனைவி சம்பூர்ணம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கோவையில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உள்ளறைக் கட்டிலோடு சரி. ஒரு சக்கர நாற்காலி இருந்தால் வாசல்வரை தள்ளிக்கொண்டு போகலாமே என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. போனில் தேடினார்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

"உள்ளறைக் கதவு நிலவு இருபத்தஞ்சு அங்குலமுங்க. அதை அளந்துட்டுத்தான் இருபத்து நாலு வாங்கினேன். வந்த நாற்காலி நிலவுக்கு வெளியிலயே நின்னு போச்சு. கையால சுத்துற வளையத்தை அவன் அளவுலயே சேர்க்கலை. உக்கார்ற இடத்தோட அளவும் அது இல்லை. எங்கே டேப் வச்சு அளந்தான்னே தெரியலை."

"திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பினேன். வேற கடையில ரெண்டாவது வாங்கினேன். மடக்கலாம்னு எழுதியிருந்தான். படத்துலயும் மடக்கித்தான் நிறுத்தியிருந்தான். வந்தது மடங்கலை. கேட்டா, படத்துல இருக்கிறது வேற மாடலாம்."

அம்மணி ஒரு காம்பை உருவினார்.

"அதுக்கப்புறம்?"

"மூணாவது. பெட்டி வந்தப்பவே சந்தேகமுங்க. இத்தனூண்டு பெட்டி. பிரிச்சா உள்ளே மெத்தை."

"மெத்தையா?"

"நாற்காலி மேல போடுற மெத்தை. அது மட்டும்."

அம்மணியின் கை நின்றது.

"நாற்காலியைப் படம் போட்டுட்டு, கீழே பதினேழாவது வரியில பொடி எழுத்துல சொல்லியிருக்கான், படம் விளக்கத்துக்கு மட்டும்னு. அதுக்கு நானூறு பேரு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க அம்மணி. நானூறு பேரு!"

அம்மணி வாய்விட்டுச் சிரித்தார். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவங்க செஞ்சது தப்புத்தாங்கண்ணா," என்றார் அம்மணி, சிரிப்பு அடங்கியதும்.

அவ்வளவுதான். மறுபடி கீரையில் குனிந்துவிட்டார்.

சென்னியப்பன் பொறுத்துப் பார்த்தார்.

"தப்புன்னு எனக்கே தெரியுமுங்க. என் மனசு அடங்க மாட்டேங்குது, அதுக்குத்தான் வந்தேன். காலையில கண்ணு முழிச்சா கை போனைத்தான் தேடுது. புகார் கொடுக்கிறேன். ஒரு நாள் ஒரு பொண்ணு பேசுது, மறுநாள் இன்னொருத்தர் எடுக்கிறார், மறுபடி முதல்ல இருந்து சொல்லணும். மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க சார்ங்கிறாங்க. எனக்கு மன்னிப்பு எதுக்குங்க? எனக்கு அளவு வேணும்."

குரல் உயர்ந்துவிட்டது. தணித்துக்கொண்டார்.

"பொருள் கண்ணு முன்னால இருக்குது. டேப்பு கையில இருக்குது. இருக்கிறதை இருக்கிறபடி எழுதுறதுக்கு ஒருத்தனால முடியாதுங்களா?"

அம்மணி எழுந்தார். கை கழுவினார். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க."

"புகாருங்களா?"

"இல்லீங்க. வீட்ல அக்காவைப் பத்தி. இருக்கிறதை இருக்கிறபடி."

சென்னியப்பன் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முப்பத்து நான்கு வருஷத்துக் குடித்தனம். ஆலையில் எழுதுவதுபோலவே எண் போட்டு எழுதினார். பன்னிரண்டு வரி வந்தது. ஒருமுறை படித்து, ஓர் ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக்கி, நீட்டினார்.

"சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார் அம்மணி.

"ஒண்ணு பிசகாதுங்க."

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

போட்டார். தேதியும் போட்டார்.

அம்மணி தாளை மடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். "வாங்க, போலாம்."

"எங்கேங்க?"

"உங்க வீட்டுக்குத்தான்."

அம்மணி யார் வீட்டுக்கும் போனதாகச் சென்னியப்பன் கேள்விப்பட்டதே இல்லை. வண்டியின் பின் இருக்கையைத் துண்டால் துடைத்துவிட்டார். வீடு வந்ததும் நேராக உள்ளறைக்குக் கூட்டிப்போனார்.

சம்பூர்ணம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார் என்று தெரிந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிரப் பார்த்தார்.

"இருக்கட்டுங்கக்கா," என்று கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார் அம்மணி. "அண்ணா உங்களைப் பத்தி எழுதிக் கொடுத்திருக்கார். படிக்கட்டுங்களா?"

"என்னைப் பத்தியா?" சம்பூர்ணம் கணவரைப் பார்த்தார். அவர் கதவு நிலவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "படிங்க, கேப்போம்."

"பெயர், சம்பூர்ணம்."

"ஆமா."

"வயது ஐம்பத்து நான்கு."

"ஐம்பத்தாறு."

சென்னியப்பன் நிமிர்ந்தார். "ஆதார்லயே ஐம்பத்து நாலுன்னுதானே இருக்குது?"

"ஆதார்ல நீங்க சொன்னதைத்தானே எழுதுவாங்க? வயசு கூடுன பொண்ணுன்னு எனக்கு ரெண்டு இடம் தட்டிப் போச்சு. மூணாவது இடம் வந்தப்போ எங்கப்பா ஜாதகத்துல ரெண்டைக் குறைச்சுட்டார்."

"மூணாவது இடம் யாரு?"

"நீங்கதான்."

அம்மணி அடுத்த வரிக்குப் போனார். "காப்பிக்குச் சர்க்கரை குறைவு."

"அது அவருக்கு. ஒரே பாத்திரத்துல போட்டு ரெண்டு டம்ளர்ல ஊத்துறது. எனக்குத் தூக்கலா இருக்கணும்."

"நாய் என்றால் பயம்."

"பயமில்லை. பிடிக்காது."

"வலி இரவில் அதிகம்."

"காலையிலதான் அதிகம்."

"ராத்திரி முனகுறியே?" என்றார் சென்னியப்பன்.

"அது கனவுங்க."

அவர் கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்து கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். "குடுங்க அம்மணி. திருத்திக் கொடுத்துடறேன்."

அம்மணி கொடுக்கவில்லை. படித்துக்கொண்டே போனார். ஐந்து வரிகளுக்குச் சம்பூர்ணம் ஆமாம் என்று தலையசைத்தார். ஒன்றுக்கு, "அப்படியும் வச்சுக்கலாம்," என்றார். சென்னியப்பன் ஒவ்வொன்றுக்கும் மனைவியின் முகத்தையே பார்த்தார். தன் பரீட்சைத் தாளைத் திருத்துகிற இடத்தில் உட்கார வைத்ததுபோல் இருந்தது அவருக்கு.

"கடைசி வரி. தேவை, வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது. அதற்கு ஒரு சக்கர நாற்காலி. அகலம் இருபத்து நான்கு அங்குலத்துக்கு மிகாமல்."

இதற்குச் சம்பூர்ணம் தலையசைக்கவில்லை.

வெளியே உப்பு விற்கிற வண்டி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனது.

"அக்கா?"

"அது அவரோட தேவை," என்றார் சம்பூர்ணம்.

"நான் உனக்காகத்தானே சம்பூர்ணம்..."

"எனக்காகத்தான். இல்லைன்னு சொல்லலை." போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டினார். "ரெண்டாம் மாசமே நிக்கப் பழகச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பிசியோதெரபிப் பொண்ணு ரெண்டு தரம் வந்துச்சு. நாற்காலி ஆர்டர் போட்டிருக்குது, அது வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு அனுப்பி வச்சுட்டீங்க."

"நின்னு, மறுபடி விழுந்துட்டீன்னா?"

"எனக்கும் அந்தப் பயம்தான். அதனால நானும் வாயைத் திறக்கலை. நாற்காலி வரும் வரும்னு மூணு மாசம் ஓடிப் போச்சு. கால் இன்னும் என்னோடதுதானான்னு அப்பப்போ விரலை ஆட்டிப் பார்த்துக்குவேன்."

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

"சொல்ல வந்தேனுங்க. நீங்க போன்ல இருந்தீங்க."

சம்பூர்ணத்தின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மணி தாளைக் கட்டில்மேல் வைத்துவிட்டு எழுந்தார். சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சென்னியப்பன் தாளை எடுத்தார். கீழே தன் கையெழுத்து இருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கடைசி வரியை ஒரே கோடாக அடித்தார். அடித்த பிறகு பேனா அங்கேயே நின்றது.

"சொல்லு," என்றார். "இந்தத் தடவை நீ சொல்றதையே எழுதறேன். உனக்கு என்ன வேணும்?"

சம்பூர்ணம் போர்வையை விலக்கினார். இரண்டு கையாலும் பிடித்து, முதலில் வலது காலை, பிறகு இடது காலைக் கட்டிலின் விளிம்புக்குக் கொண்டுவந்து கீழே இறக்கினார். பாதம் தரையைத் தொட்டதும் விரல்கள் மெல்ல விரிந்தன.

"எழுதாதீங்க," என்றார். "பிடிங்க."