என்வி ஏன் வீடு மாறுவதில்லை?

அந்தக் காலத்தில், கணினிகளுக்குள் வாழும் ஏடுகளும் கட்டளைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. ஸ்கிரிப்ட் எனப்படும் ஏடு ஒவ்வொன்றும் தன் முதல் வரியில் ஒரு துபாஷியின், அதாவது மொழிபெயர்ப்பாளரின், முகவரியைத் தாங்கியிருந்தது. அந்தத் துபாஷி வந்து படித்துச் சொன்னால்தான் ஏட்டிலுள்ள வேலை நடக்கும். துபாஷியை அழைத்து வருபவர் கணினியின் மையத்தில் இருக்கும் கர்னல் (kernel) என்னும் காவலர். எழுதிய முகவரிக்கு மட்டுமே போவார். பக்கத்து வீட்டில்கூட விசாரிக்கமாட்டார்.

அணையின் மதகுகளைத் திறக்கும் ஏடாகிய மடைதிறப்பான், அடைமழையில் ஒரு புதிய கணினிக்குக் குடிபெயர்ந்தான். வெள்ளமோ கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

"பைத்தான் துபாஷியைக் கூப்பிடுங்கள், அண்ணே. அணை உடைந்துவிடும்."

கர்னல் விரைந்து சென்று தனியே திரும்பினார். "லோக்கல் தெரு என்று எழுதியிருக்கிறாய். அங்கே அப்படி ஒருவரும் இல்லை."

"அது பழைய ஊர் முகவரி. இங்கே வேறு தெருவில் இருப்பார், தேடிப் பாருங்களேன்."

"தேடுவது என் வேலையில்லை, தம்பி."

அவ்வேளையில் என்வி (env) என்ற கட்டளை அவ்வழியே வந்தாள். யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று ஊர்சுற்றி அறிவதே அவளுடைய பேரின்பம்.

"பைத்தானையா தேடுகிறீர்கள்? காலையில்தான் மூட்டை முடிச்சுகளோடு வீடு மாறினார். பெயரே மலைப்பாம்பல்லவா, ஒரே புற்றில் தங்குவாரா? நான் அழைத்து வருகிறேன். முதல் வரியில் என் முகவரியை எழுது."

கர்னல் சிரித்தார். "உனக்கு ஏதம்மா முகவரி? நேற்று ஒரு தெரு, இன்று ஒரு தெரு."

கரையில் மண் சரியும் ஓசை கேட்டது. என்வி நிமிர்ந்தாள்.

"பின் (bin) தெரு என்று எழுது, தம்பி. இனி அதுவே என் வீடு. எல்லாக் கணினிகளிலும் என் அக்கா தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களும் அங்கேயே இருப்பார்கள். துபாஷியைத் தேடவன்றி இனி வாசலைத் தாண்டமாட்டோம்."

"ஊர்சுற்றாமல் உன்னால் இருக்க முடியுமா?" என்றார் கர்னல்.

"அதை என்னிடம் விடுங்கள். நீங்கள் ஓடுங்கள்."

மடைதிறப்பான் பழைய வரியை அழித்து எழுதினான். கர்னல் பின் தெருவுக்குப் பாய்ந்தபோது என்வி வாசலில் காத்திருந்தாள். தெருத்தெருவாய் ஓடி, பாதிச் சோற்றில் இருந்த பைத்தானை இழுத்து வந்தாள். அவர் படிக்கப் படிக்க மதகுகள் ஒவ்வொன்றாய் உயர்ந்தன. வெள்ளம் ஆர்ப்பரித்து ஆற்றில் இறங்கியது. அணை நின்றது.

அன்று முதல்தான், துபாஷிகள் எத்தனை வீடு மாறினாலும், ஏடுகள் தம் தலையில் #!/usr/bin/env என்று பின் தெரு முகவரியைச் சூடிக்கொள்கின்றன. ஊர்சுற்றி என்வியும் வீடு மாறுவதே இல்லை.