ஒரே வெள்ளத்துப் பிள்ளைகள்

பெரிய மடுவில் நீர்நாய்கள் கூட்டமாக வாழ்ந்தன. ஒரு புதுவெள்ளத்துக்கும் அடுத்த புதுவெள்ளத்துக்கும் நடுவே பிறந்த குட்டிகளை அங்கே 'ஒரே வெள்ளத்துப் பிள்ளைகள்' என்பார்கள். எல்லாருக்கும் ஒரே வயது என்று பேச்சு.

அந்தக் குட்டிகளுக்கு ஒருநாள் நீச்சல் தேர்வு வந்தது. அக்கரைப் பாறையைத் தொட்டால் ஆழத்தில் பயிற்சி. தின்னக் கொழுத்த விரால். தொடாவிட்டால் காலமெல்லாம் கரைச் சேற்றில் நண்டு பிடிக்க வேண்டியதுதான்!

தாய் நீர்நாய் வடிவு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் சில்லு பாதி மடுவிலேயே மூச்சிரைத்துத் திரும்பிவிட்டாள். தடியன் என்ற குட்டியோ பாறையைத் தொட்டுவிட்டு, வாலால் தண்ணீரை அடித்தபடி வந்தான்.

"என்ன எலிக்குஞ்சே, நண்டுன்னா உனக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

தேர்வு நடத்திய ஆமையார், "சில்லு, கரைக்கு!" என்றார்.

"ஆமையண்ணே, நில்லுங்க!" வடிவு குறுக்கே வந்தாள். "தடியன் எப்போ பொறந்தான்?"

"வெள்ளம் வடிஞ்ச மறுநாள். பதினாறு மாசம் ஆச்சு."

"என் பொண்ணு?"

"அடுத்த வெள்ளத்துக்கு முந்தின நாள். நாலு மாசம். இருந்தாலும் ஒரே வெள்ளம்தானேம்மா!"

"ரெண்டு நாள் தள்ளிப் பொறந்திருந்தா, அடுத்த கூட்டத்துக்கே இவதான் மூத்தவ! நாலாம் மாசத்துல தடியன் எவ்வளவு தூரம் போனான்? அதைப் பாருங்க!"

அமாவாசைதோறும் யார் எதுவரை நீந்தினார்கள் என்று கரைக்கல்லில் கீறி வைப்பது ஆமையார் வழக்கம். கீறுவதோடு சரி. திரும்பிப் பார்த்ததே இல்லை.

இப்போது பாசியைச் சுரண்டிப் பார்த்தார்.

"நாலாம் மாசம்... தடியன்... இதோ, கரையோரத் தாமரை இலை வரைக்கும். அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கான்!"

மடுவே சிரித்தது. தடியன் சட்டென்று முங்கிவிட்டான்.

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அடடா, இத்தனை வருஷமா பொறந்த நாளுக்குத்தான் விரால் கொடுத்திருக்கேன் போலிருக்கே! சில்லு, நீயும் ஆழத்துக்கு வா. இனிமே நாலாம் மாசத்தை நாலாம் மாசத்தோடதான் பார்ப்பேன்."

வடிவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தடியன் மெல்லத் தலை தூக்கினான். "நாளைக்கு வா, பாறைக்கு வழி காட்டறேன்."

"போற வழியில அந்தத் தாமரை இலையையும் காட்டு!" என்றாள் சில்லு.

முன்னே பிறந்ததால் பெரிதாய்த் தெரிவதைத் திறமை என்றும், பின்னே பிறந்ததால் சிறிதாய்த் தெரிவதை இயலாமை என்றும் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.