காலியாகவே இருந்த ஸ்டூல்

எங்கள் சட்டக் கல்லூரி வகுப்பில் வயதில் மூத்தவர் அற்புதமேரி அக்கா. நாற்பத்திரண்டு வயது. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. அரசமைப்பும் தொழிலாளர் சட்டமும் எடுத்த மெகருன்னிசா மேடம் அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

ஒருநாள் அக்கா எழுந்து கேட்டார்.

"மேடம், வேலை செய்யுற இடம் மனுசத்தன்மையோட இருக்கணும்னு அரசமைப்பு சொல்லுது. கடையில நிக்கிறவங்களுக்கு இருக்கை போடணும்னு சட்டம் சொல்லுது. எங்க கடையில ஸ்டூலும் போட்டாச்சு. ஆனா ஒருத்தியும் உட்கார மாட்டேங்கிறாளே, ஏன்?"

"உட்காரக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"சொல்லல. சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பாரு. அது போதாதா?"

"நாளைக்கு நான் உள்ளே வரும்போது நீங்க மட்டும் எழுந்திரிக்காதீங்க" என்றார் மேடம்.

மறுநாள் மற்ற அறுபது பேரும் எழுந்தோம். அக்கா உட்கார்ந்திருந்தார். மேடம் வாசலிலேயே நின்று அவரைப் பார்த்தார். அடேயப்பா, அது என்ன பார்வை! "எந்திரிங்கக்கா, மானம் போகுது" என்று நானே முழங்கையால் இடித்தேன். அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. எழவில்லை.

"நானே சொல்லியிருந்தும் கால் நடுங்குதில்ல?"

"நடுங்குது மேடம்."

"நடுங்கட்டும்."

அவ்வளவுதான், பாடத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. கேட்ட கேள்விக்கு இதுவா பதில்?

இரண்டு நாள் கழித்து அக்கா ஒரு தாளோடு வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"உட்கார்ந்தேன் மேடம். கடையில ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். எந்திரின்னாங்க. முடியாதுன்னேன். பதினெட்டு வருச வேலை, ஒரே நாள்ல போச்சு. பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா. அவகிட்ட இன்னும் சொல்லல."

மேடம் தாளை வாங்கினார். கடையின் முத்திரை, மேனேஜர் கையெழுத்து. காரணத்தை வாய்விட்டு வாசித்தார்.

"பணி நேரத்தில் ஸ்டூலில் அமர்ந்ததால்."

இன்னொரு தடவையும் வாசித்தார்.

"இனி என்ன மேடம் செய்யுறது?"

"இத்தனை வருசமா அவங்க வெறுமனே பார்த்துக்கிட்டே இருந்தாங்க அக்கா. பார்வையை எந்தக் கோர்ட்டுல கொண்டுபோய்க் காட்டுவீங்க? இன்னிக்கு எழுதியே கொடுத்துட்டாங்க. கண்ணைத் துடைங்க. வாங்க, மனு எழுதலாம்."