ஆறு பத்துக்குப் பாப்பா போகணும்

ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வேதநாயகம் வீட்டில் எல்லாம் நேரப்படி நடக்கும், ரெண்டரை வயசுப் பேத்தி நிலானியின் ஒண்ணுக்கைத் தவிர. தினமும் காலை ஆறு பத்துக்கு அவளை ஹாலில் வாத்து மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் டாய்லெட்டில் உட்கார வைப்பார்கள். மகன் "ஸ்ஸ்ஸ்" என்பான், மருமகள் கைதட்டுவாள், தாத்தா விசில் ஊதுவார். பிள்ளை ஈ என்று சிரிக்கும். எழுந்துபோய்ச் சோபாவை நனைக்கும்.

ஒருநாள் சோபாவைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி பேச்சியம்மா மேல் தாத்தா பாய்ந்தார். "நாளைக்கு ஆறு பத்துக்குப் பாப்பா இதுல போயாகணும். இல்லேன்னா நீ வேலைக்கு வராதே!"

"போக வச்சிடலாங்கய்யா. ஆனா பிள்ளைங்க பெரியவங்களைப் பாத்துத்தானே படிக்கும்? முதல்ல நீங்க சொன்ன நேரத்துக்குப் போய்க் காட்டுங்க."

"என் உடம்பே கடிகாரம், தெரியுமா!"

மறுநாள் ஆறு பத்து. நிலானியை வாத்தில் உட்கார வைத்துவிட்டு, தாத்தா பாத்ரூமுக்குள் போனார். பேச்சியம்மா மொத்தக் குடும்பத்தையும் பாத்ரூம் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். மகன் "ஸ்ஸ்ஸ்" என்றான். மருமகள் கைதட்டினாள். பேச்சியம்மா விசிலை ஊதிவிட்டுக் கேட்டாள், "வந்துச்சாங்கய்யா?"

"இரு!"

ஐந்து நிமிஷம் போனது. "இன்னுமாங்கய்யா வரலே?"

"அட, தள்ளிப் போங்களேன்! இத்தனை பேர் நின்னு கத்தினா மனுஷனுக்கு எப்படி வரும்?"

"இதைத்தானுங்கய்யா பாப்பா ரெண்டு மாசமா சோபாவுல எழுதிக் காட்டுது."

அதற்குள் ஆளில்லாத ஹாலில் நிலானி வாத்திலேயே காரியத்தை முடித்திருந்தாள். பேச்சியம்மா எட்டிப் பார்த்து அதைச் சொன்னதும் உள்ளேயிருந்து குரல் மட்டும் இறங்கி வந்தது.

"சரி, நாளைக்கும் வேலைக்கு வா. இப்ப முதல்ல எல்லாரையும் மாடிக்குக் கூட்டிட்டுப் போ!"