கத்தரிப்பூ நிறப் பொட்டு

பொள்ளாச்சி ரோட்டில் ஆறுச்சாமி மேஸ்திரியின் கார் பட்டறை இருக்கிறது. அவரிடம் தொழில் கற்றவர்களில் நஞ்சப்பன்தான் மூத்தவர். மூத்தவர் என்றால் வயதில். மில்லை மூடியபிறகு முப்பத்தாறு வயதில் வந்து ஸ்பேனர் பிடித்தவர். குருவைவிடச் சீடர் எட்டு வயது பெரியவர்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. முடுக்கிய திருகாணியின் தலையில் ஒரு பொட்டு பெயிண்ட் வைக்க வேண்டும்.

"எதுக்குங்க?" என்று நஞ்சப்பன் முதல் நாளே கேட்டார்.

"முடுக்குனது நாந்தான்னு அர்த்தம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான் பதில் சொல்லோணும்" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரிக்கு வெள்ளை. தனித்தொழிலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் முன்னால் போனவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நஞ்சப்பன் விடைபெற்ற நாளில், கூட வந்திருந்த மகள் பூவிழி தன் நகப்பூச்சு புட்டியை நீட்டினாள். ஆறு வயது அவளுக்கு.

"இத வெச்சுக்கோங்கப்பா."

கத்தரிப்பூ நிறம். எல்லாரும் சிரித்தார்கள். நஞ்சப்பன் அதையே வைத்துக்கொண்டார்.

பதினெட்டு வருடம் போயிற்று. ஒருநாள் காலையில், பின்பக்கம் அப்பளமாக நொறுங்கிய ஒரு பழைய வெள்ளைக் காரை இழுவை வண்டியில் கட்டிக்கொண்டு நஞ்சப்பன் வந்தார். முகத்தில் நாலு நாள் தாடி.

மேஸ்திரி காரைப் பார்க்கவில்லை. "பாப்பா எப்படீங்ணா இருக்குது?" என்றார்.

"உசுரு இருக்குதுங்க. வலது கையில மூணு விரலு இனி மடங்காதுன்னுட்டாரு டாக்டரு."

பூவிழி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்ப்பவள். தினமும் போக நாற்பது, வர நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் இடிபட வேண்டாமே என்று நஞ்சப்பன்தான் இந்தக் காரை வாங்கிக் கொடுத்தார். கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் ஒரு மாதம் உட்கார்ந்து தன் கையாலேயே சரி செய்தார். டைமிங் பெல்ட்டை மட்டும் மாற்றவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் மாற்ற வேண்டிய பெல்ட் அது. மீட்டர் எழுபத்தெட்டாயிரம்தான் காட்டியது.

பைபாஸில் பெல்ட் அறுந்தது. எஞ்சின் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரியும் நிற்கப் பார்த்தது, முடியவில்லை.

நஞ்சப்பன் பையிலிருந்து அறுந்த பெல்ட்டை எடுத்துப் போட்டார். மேஸ்திரி அதை மடக்கிப் பார்த்தார். வரட்டி மாதிரி வெடித்தது.

"ரெண்டு லட்சத்துக்கு மேல ஓடியிருக்குது" என்றார்.

"தெரியுமுங்க. எவனோ மீட்டரப் பின்னால திருப்பியிருக்கறான். அவன் ஆருன்னு கண்டுபிடிக்கோணும். அதுக்குத்தான் வந்தனுங்க."

"கண்டுபிடிச்சு?"

"கைய ஒடிக்கோணும். எம்புள்ள விரலு போன மாதிரி அவன் விரலும் போகோணும்."

பெற்ற வயிறு மட்டுமா எரியும்?

மேஸ்திரி குனிந்து காருக்குள் பார்த்தார். "பிரேக் பெடல்ல ரப்பரு புதுசா இருக்குதுங்ளே. நீங்க மாத்துனதுங்ளா?"

"இல்லீங்க. வாங்கும்போதே அப்படித்தான்."

"எழுபத்தெட்டாயிரம் ஓடுன வண்டிக்குப் பெடல் ரப்பரு மாத்தற அளவுக்கு எப்படீங்ணா தேயும்?"

பட்டறைக்கு வந்த முதல் வாரத்தில் நஞ்சப்பன் கற்ற பாடம் அது.

"ரப்பரப் பாக்காம மீட்டர எப்படி நம்புனீங்க?" என்றார் மேஸ்திரி.

"லென்ஸ் வெச்சுப் பாத்தனுங்க. கண்டவன் திருப்புனா நம்பரு கோணலா நிக்கும், நம்பரு சக்கரத்துல கீறலு உழுகும். இதுல ஒரு கீறலு இல்ல. எல்லா நம்பரும் நூல் புடிச்ச மாதிரி நின்னுது. அதுல எங்கண்ணுக்குத் தப்ப முடியுங்களா?"

"ஏனுங்ணா, அந்த வேல உங்களுக்கு அத்தன தெரியுமா?"

நஞ்சப்பன் தரையைப் பார்த்தார். "புரோக்கருங்க பழைய வண்டியக் கொண்டாருவாங்க. நானும் கொஞ்சம் திருப்பிக் குடுத்திருக்கறனுங்க. எல்லாரும் பண்றதுதானுங்களே."

கொஞ்சமாவது! அந்த வட்டாரத்தில் பாதிக் கார்களுக்கு வயதைக் குறைத்துவிட்ட கை அது. நஞ்சப்பன் திருப்பினால் கம்பெனிக்காரனே ஏமாறுவான் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். கேட்க அவருக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

மேஸ்திரி சுவரிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து நீட்டினார். "மீட்டரக் கழட்டுங்க."

"எதுக்குங்க?"

"வாங்குன பொறவு கழட்டுனீங்களா?"

"இல்லீங்க. நல்ல மீட்டர எதுக்குக் கழட்டோணும்?"

"இப்பக் கழட்டுங்க."

நஞ்சப்பன் ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். சீட்டில் கண்ணாடித் தூளும், காய்ந்துபோன மல்லிகைச் சரமும் கிடந்தன. சரத்தை எடுத்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீட்டரை உருவி மடியில் கவிழ்த்தார். பின்மூடியில் மூன்று திருகாணிகள்.

அதன்பிறகு அவர் கை அசையவில்லை.

மேஸ்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மூன்று திருகாணியின் தலையிலும் பொட்டு இருந்தது. தூசி படிந்து மங்கியிருந்தாலும் கத்தரிப்பூ நிறம்தான். திருட்டு வேலை செய்தபோதும் பட்டறை வழக்கத்தை அந்தக் கை மறக்கவில்லை.

எத்தனை வருடத்துக்கு முன்னால், எந்தப் புரோக்கருக்கு, எதுவும் நஞ்சப்பனுக்கு ஞாபகம் வரவில்லை. அவருக்கு அது நூறோடு நூற்றொன்று.

பொட்டுகளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எம்புள்ள ஆஸ்பத்திரியில காத்துட்டிருப்பாளுங்க. 'ஆருன்னு கண்டுபிடிச்சீங்களாப்பா'ன்னு கேப்பா. நான் என்னன்னு சொல்லுவனுங்க?"

மேஸ்திரி ஒரு திருகாணியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாமுங்ணா. இதக் காட்டுங்க. கலரு அவ குடுத்ததுதானே."